உள்ளே இருந்தவள் சொன்னது

முதல் பதிவில் அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் ஒரு மயில் அகவியது. முதுமக்கள் தாழிகளைப் பற்றிப் பேசுகிற ஓர் இணையதளத்தின் ஒலிப்பதிவில் மயிலுக்கு என்ன வேலை என்று இன்பராஜுக்குச் சின்ன உறுத்தல். காற்றும் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த கருவேல நெற்றுகள் கிளையிலேயே கிடந்து சலசலக்கிற அந்த ஓசை, திருச்சுழிப் பக்கத்துப் பொட்டலில் கோடை மத்தியானத்தில் நின்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். யாரோ நம் பக்கத்து ஆள்தான் பேசியிருக்கிறார் என்று நினைத்து, உறுத்தலை ஒதுக்கிவிட்டுக் காதில் மாட்டியிருந்ததை இன்னும் அழுத்திக்கொண்டான்.

இன்பராஜ் அருப்புக்கோட்டையில் அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி மையம் வைத்திருப்பவன். வரலாறுதான் அவன் பாடம். சிந்துவெளி, சுமேரியா, எகிப்து, வைகைக்கரை என்று அவன் பேச ஆரம்பித்தால், காரியாபட்டியிலிருந்தும் வீரசோழனிலிருந்தும் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கைப்பேசியை மறந்துவிடுவார்கள். புத்தகம் வாங்கத் தோதில்லாத அந்தப் பிள்ளைகளுக்காக, பழைய நாகரிகங்களைப் பற்றி இணையத்தில் எங்கே நல்ல சரக்கு கிடைக்கும் என்று தேடிச் சலித்துக் கொடுப்பதில் அவனுக்குப் பெருமை உண்டு. கடலுக்குள் போன கண்டத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி கதை விடுகிற தளங்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "எந்தப் பக்கத்தைத் தெறந்தாலும் மொதல்ல மூணு கேள்வி கேளுங்க. யார் சொல்றா? அவுக நேர்ல இருந்தவுகளா, கேட்டுச் சொல்றவுகளா? சாட்சி என்ன வச்சிருக்காக?" என்பான். நேரில் இருந்தவர் சொல்வதுதான் முதல் தரச் சான்று என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போடுவான். ஊருக்கு உபதேசம் செய்ய அவனை விட்டால் ஆள் கிடையாது.

தாழிகளைப் பற்றித் தமிழில் உருப்படியான பக்கம் ஒன்று கிடைக்காதா என்று அலைந்தபோதுதான் இது அகப்பட்டது. விளம்பரம் இல்லை, அலட்டல் இல்லை. நான்கே படங்கள்: பெருந்தாழி, கலயம், அகல், பிள்ளைத்தாழி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குரல் பதிவு. பக்கத்தை யார் நடத்துகிறார்கள் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. மாணவர்களை முதலில் கேட்கச் சொல்கிற கேள்வியை அவன் அன்றைக்குக் கேட்கவில்லை. பதிவு அவ்வளவு நன்றாக இருந்தது.

"இது பெருந்தாழி," என்றது குரல். நடுவயதுக்காரியின் குரல், தொண்டை வறண்டிருந்தது. "வயிறு பெருசு, வாய் சிறுசு. உள்ள குத்தவச்சு உக்காந்தா மொழங்காலு தாடையில முட்டும். மொதல்ல இடுப்பு வலிக்கும். அப்பறம் காலு மரத்துப்போகும். வலி தெரியாது."

இன்பராஜ் சிரித்துக்கொண்டான். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களை உயிரோடு தாழியில் உட்கார வைத்து, கஞ்சியும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. செத்தவர்களின் எலும்பைப் பொறுக்கிச் சடங்கு செய்து வைத்ததுதான் தாழி என்று சொல்லி, வகுப்பில் அந்தப் பேச்சைக் கிழித்துத் தோரணம் கட்டுவான்.

குரல் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி பேசியது. "எலும்பத்தான் வச்சாகன்னு படிச்சவுக சொல்றாக. நெறையத் தாழிக்கு அது சரி. எல்லாத்துக்கும் இல்ல. உள்ள இருந்தவ சொல்றேன், கேட்டுக்கிருங்க."

ஊர்ப்பேச்சை உள்ளிருந்து பேசுவது மாதிரி நடித்துக் காட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு மனதில் பதியும், நல்ல உத்திதான் என்று மெச்சிக்கொண்டு, மாணவர் குழுவுக்கு அந்த இணைப்பை அனுப்பினான். கட்டாயம் கேளுங்கள் என்று ஒரு வரியும் சேர்த்தான். அனுப்பிய பிறகு, அந்த மயிலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று மனது சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கே போய் நின்றது. போகாதே என்றால் கேட்கவில்லை.

அவனுக்கும் ஒரு பொட்டல் உண்டு. திருச்சுழிக்குத் தெற்கே, அவன் அப்பா இருளப்பசாமி விட்டுப்போன மானாவாரி நிலம். அதன் நடுவில் ஒரு திட்டு. அப்பாவும் சரி, அவருக்கு முன்னால் இருந்தவர்களும் சரி, அந்தத் திட்டில் ஏர் பட விட்டதில்லை. உழவுச்சால் நேராக வந்து, அங்கே வளைந்து, சுற்றிப் போய், மறுபடி நேராகும். காரணம் கேட்டால் "கீழ ஆள் இருக்கு" என்பார்கள், அவ்வளவுதான். விதைப்புக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரை அங்கே ஊற்றிவிட்டு வருவார்கள். டிராக்டர் வந்த பிறகு டிராக்டரும் வளைந்துதான் போயிற்று.

இந்த வருஷம் மாசியில், சூரிய மின்தகடு பதிக்கிற கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுவதென்று முடிவாகி, மேடு பள்ளம் இல்லாமல் சமப்படுத்தித் தரச் சொன்னார்கள். திட்டைத் தோண்டினால் என்ன வரும் என்று இன்பராஜுக்குத் தெரியாதா? வகுப்பெடுக்கிறவனாயிற்றே. தாழி கிடைத்தது என்று ஒரு படம் வெளியே போனால் போதும், தொல்லியல் அதிகாரிகள் வந்து கயிறு கட்டிவிடுவார்கள், நிலம் கையைவிட்டுப் போனமாதிரிதான் என்ற பயம் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் உண்டு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால், காதும் காதும் வைத்த மாதிரி பூதத்தை அடித்துப் புதைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஊருக்கெல்லாம் நாகரிகம் சொல்லிக்கொடுத்த இன்பராஜும் அதையேதான் செய்தான். ஆள் நடமாட்டம் இல்லாத உச்சிப்பொழுதாகப் பார்த்து ஜேசிபியை இறக்கினான்.

கொஞ்சம் தோண்டியதுமே ஒரு பெரிய தாழியின் தோள் தெரிந்தது. அதை ஒட்டி, அதன் மேல் சாய்ந்துகொண்டு, முழங்கால் உயரத்தில் இன்னொன்று. ஜேசிபி ஓட்டிய சின்னத்துரை இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"சார், சின்னது பிள்ளைத்தாழி மாதிரி தெரியுது. வேணாம் சார். மண்ணத் தள்ளிட்டு ஒரு சூடத்தப் பொருத்திட்டுப் போயிருவோம்."

"வெறும் மண்பானைய்யா அது. ஒடை."

"பெரியவுகன்னாக்கூடப் பரவால்ல. பிள்ளை சார்."

"ஒடைக்கிறியா, வேற வண்டியக் கூப்டவா?"

சின்னத் தாழி ஒரே அழுத்தில் நொறுங்கியது. உள்ளே இருந்தது மண்ணோடு மண்ணாகப் போயிற்று. சின்னத்துரையை விட்டே ஓடுகளை டிராக்டரில் அள்ளி, நிலத்துக்குப் போகிற புது வண்டிப்பாதையின் அடியில் கொட்டி, மேலே கிராவல் மண்ணும் பரப்ப வைத்தான். திரும்பி வந்து பார்த்தபோது, இயந்திரத்தின் பல் பட்டுப் பெரிய தாழியின் தோளில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையிலிருந்து காற்று வந்தது. கொளுத்துகிற வெயிலில் நின்ற இரண்டு பேர் முகத்திலும் சில்லென்று, புளித்த கஞ்சி வாசத்தோடு வந்து பட்டது. உள்ளே யாரோ கையை ஊன்றி நகர்ந்து உட்கார்ந்த மாதிரி ஒரு சரசரப்பும் கேட்டது. சின்னத்துரை வண்டியை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைப் பார்க்க ஓடினான். அடைபட்டுக் கிடந்த காற்று, வேறொன்றும் இல்லை என்று இன்பராஜ் தனக்குத்தானே சத்தமாகப் பாடம் சொல்லிக்கொண்டு, மண்வெட்டியால் மண்ணைத் தள்ளி மூடினான். ஓட்டையை அடைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

முதல் பதிவைக் கேட்டதற்கு மறுநாள், பயிற்சி மையத்தில் இரண்டாவது பதிவைப் போட்டுக் கேட்டான். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். மயில் இல்லை. நெற்றுச் சலசலப்பு இல்லை. குரலுக்குப் பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பாரம் ஏற்றிய லாரி தார் ரோட்டில் இரைந்து கடக்கிற சத்தம், ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது, நடுவில் காற்று ஒலிப்பானின் நீண்ட அலறல். அவன் நிலத்திலிருந்து காட்டுவழியாகக் குறுக்கே நடந்து அருப்புக்கோட்டைக்கு வந்தால் பந்தல்குடிப் பக்கம் தூத்துக்குடி ரோட்டில்தான் வந்து ஏற வேண்டும். அந்த ரோட்டில் பகலும் இரவும் இப்படித்தான் இரையும்.

"இது கலயம்," என்றது குரல். "இதுல கம்மங்கஞ்சி வச்சாக. நான் குடிக்கல. மோந்து மட்டும் பாப்பேன். பிள்ளைக்கு வேணும்ல? பிள்ளை அடுத்த தாழியில இருக்கு. நான் செவுத்துல தட்டுனா அதுவும் தட்டும். அது தட்டுற வரைக்கும் எனக்குப் பயமில்ல. தட்டு நின்ன பெறகும் பக்கத்துலதான இருக்குன்னு தைரியமா இருந்தேன். எம்புட்டுக் காலம் இருந்தேன். பக்கத்துலதான் இருந்துச்சு."

அவன் பதிவை நிறுத்தினான். பெரிய தாழியும் சின்னத் தாழியும் அடுத்தடுத்து இருந்ததை அவனும் சின்னத்துரையும் தவிர யாரும் பார்க்கவில்லை. இந்தப் பயல்தான் எவளையோ பிடித்துப் பேசவைத்து நம்மிடம் விளையாடுகிறான் என்று பட்டதும், பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அது எவ்வளவோ தேவலை. உடனே கூப்பிட்டான்.

"ஏலே சின்னத்துரை, யார்ட்டடா சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல சார். எம்பொண்டாட்டிட்டக்கூடச் சொல்லல." சின்னத்துரை குரலைத் தாழ்த்தினான். "சார், அந்த ஓட்டைய அடைச்சீகளா?"

"அதுக்கென்ன இப்ப?"

"நேத்து லோடு ஏத்தப் போகையில அந்தப் பக்கம் பார்த்தேன். நீங்க தள்ளுன மண்ணு உள்ள எறங்கிக் கெடக்கு சார். குழியில ஆள் ஏறி வந்த தடம் மாதிரி இருந்துச்சு. நான் நிக்கல."

கோபம் போய்விட்டது. போன இடத்தில் பழைய பயமே திரும்ப வந்து உட்கார்ந்தது, முன்னைவிடக் கனமாக.

மூன்றாவது பதிவைக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தான். ஆனால் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்து பார்க்காமல் இருக்க முடிகிறதா? அடுத்த நாள் விடுமுறை. மனைவி தங்கலட்சுமி நூல் மில்லில் பகல் வேலைக்குப் போயிருந்தாள். பள்ளி லீவு விட்டிருந்ததால் மகள் தர்ஷிகா உள்ளறையில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். உச்சிவெயிலுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டிக்கென்று தட்டிக்கொண்டு ஓடியது. தெருமுனை மாவு மில்லின் பட்டை தடதடத்தது. தட்டலுக்கு நடுவே வீடு வெந்துகொண்டிருந்தது. அவன் கைப்பேசியைக் காதோரம் வைத்து அகல் படத்தின் கீழே தொட்டான்.

பதிவில் மாவு மில் ஓடியது.

அவன் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்தான். வெளியிலும் மில். உள்ளேயும் மில். ஒட்டுப்போட்ட பட்டை சக்கரத்தைச் சுற்றி வரும்போது எழும் அதே தடக், ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும். அதற்கு அடியில், மிகப் பக்கத்தில், இன்னொன்று. டிக். டிக். டிக்.

எழுந்து போய் மின்விசிறியின் சுவிட்சை அணைத்தான். விசிறி வேகம் குறைந்தது. கைப்பேசிக்குள்ளும் குறைந்தது. டிக். டிக். கடைசியாக ஒரு டிக். நின்றது. இரண்டும் நின்றன.

"வேர்க்குதா?" என்றது குரல்.

அவன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"எனக்கும் அப்பிடித்தான் வேர்த்துச்சு. அகல் எரியிற வரைக்கும் வெக்கை. அணைஞ்ச பெறகு குளுரு." மூச்சு இழுக்கும் சத்தம். மண் கலந்த மூச்சு. "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் நடந்து வாரேன். எம்பிள்ளைய எங்க வச்சிருக்க?"

அவனுக்குத் தெரியும். பாதையின் அடியில், கிராவலுக்குக் கீழே. வாய் திறந்து சொல்லியிருக்கலாம். வண்டிப்பாதையைத் தோண்டி, கிடைத்ததை அள்ளிக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்திருக்கலாம். அதிகாரிகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை கம்பெனி ஆட்கள் நிலம் பார்க்க வருகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பழகிய வாய், சாட்சியின் முகத்துக்கு நேரேயும் அதையே செய்தது.

"எந்தப் பிள்ளை? அங்க பிள்ளையே இல்ல," என்றான் இன்பராஜ்.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. மில் தடதடத்தது. "சரி," என்றது குரல். கோபமே இல்லாத, கணக்கு முடிந்துவிட்ட குரல். "அப்ப உன் பாடு."

அந்த இணைப்பை அழித்தான். யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம், தகவல்கள் தவறானவை, ஆதாரம் இல்லாதவை என்று மாணவர் குழுவில் எழுதினான். தர்ஷிகாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தங்கலட்சுமி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? இரவு ஒன்றும் நடக்கவில்லை. விடிந்தது, பால்காரர் வந்தார், தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள். இவ்வளவு சாதாரணமான வெளிச்சத்தில் நேற்றைய பயத்தை நினைத்தால் அவனுக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சௌந்தரம் அக்காவிடம் மகளை விட்டுவிட்டுப் பயிற்சி மையத்துக்குப் போனான்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வீரசோழனிலிருந்து படிக்க வரும் ஹாரிஸ் தயங்கித் தயங்கி வந்து நின்றான். எதையும் முழுசாகப் படித்து முடிக்காமல் விடாத பையன்.

"சார், நீங்க வேணாம்னு சொல்றதுக்கு முந்தியே நான் பக்கத்தத் தெறந்து வச்சிருந்தேன். அந்தப் பிள்ளைத்தாழி பதிவு நேத்து ஓடவே இல்ல. இப்பத்தான் ஓடுச்சு."

"அதான் கேக்காதன்னு சொன்னேன்ல?"

"இல்ல சார், அதுல ஒரு சின்னப் பாப்பா பேசுது. உங்க பேரச் சொல்லி, எங்கப்பான்னு சொல்லுது. உங்க பொண்ணா சார்?"

அவன் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி இன்பராஜ் காதில் வைத்தான். மில் இல்லை. விசிறி இல்லை. தண்ணீர் கொட்டும் சத்தம். குடம் குடமாக, நிதானமாக, மண்ணில் கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவில் தர்ஷிகா.

"எதுக்கு அத்தை தண்ணியெல்லாம் கீழ ஊத்துறீங்க? அம்மா வைவாங்க."

"மண்ணு குழைக்கணும் தாயி."

"எதுக்கு?"

"ஒங்கப்பா வருவாரு. வந்து செய்வாரு."

சௌந்தரம் அக்காவைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"பாப்பா எங்கக்கா?"

"ஒங்க வீட்டுக்குத்தான் போயிருக்கு தம்பி. கொல்லைப்பக்கம் ஒரு பொம்பள நின்னு கூப்டுச்சு. கஞ்சி காய்ச்சியிருக்கேன் வான்னுச்சு. ஒங்க அக்காவாம்ல? ஒங்கள மாதிரிதான் இருந்துச்சு."

அவனுக்கு அக்கா கிடையாது.

"பிடிங்கக்கா. போய்ப் பிள்ளையப் பிடிங்க!"

"என்ன தம்பி, அவுக ஒங்க அப்பா பேரு, தாத்தா பேரு, அவுகளுக்கு மேல உள்ளவுக பேரெல்லாம் சொன்னாக. தெனமும் தலைக்கு மேல நடந்தவுகளத் தெரியாதான்னு சிரிச்சாக. நான் எப்பிடிச் சந்தேகப்பட?"

பைக்கை எடுத்தான். பஸ்ஸ்டாண்டு, கடைத்தெரு, காந்துகிற தார் ரோடு. யாரையோ இடித்தான், யாரோ வைதார்கள். தன் தெருவுக்குள் திரும்பியபோது ஒரு நாய்கூட இல்லை. மாவு மில் மூடியிருந்தது. எல்லா வீடுகளும் வெயிலுக்குச் சாத்திக் கிடந்தன. தன் நிழல் தன் காலுக்கடியில் சுருண்டு கிடக்க, அவன் கதவைத் தள்ளினான். திறந்துதான் இருந்தது.

புளித்த வாசம். வீடு முழுக்க. கூடத்தில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், சுடர் அசையாமல்.

"பாப்பா?"

உள்ளறையில் இல்லை. அடுப்படியில் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

கொல்லை முழுக்கத் தண்ணீர். குழாயில் என்றைக்கோ ஒரு நாள் வந்து, தங்கலட்சுமி விடிய விடியக் காத்திருந்து பிடித்து வைத்த தண்ணீர் அத்தனையும் மண்ணில். குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு பக்கம் மண்ணை வெட்டிக் குழைத்து, உருண்டை உருண்டையாகப் பிடித்து வரிசையாக வைத்திருந்தது. நடுவில் நீல நிறத் தண்ணீர் டிரம். மூடி பக்கத்தில் சாய்ந்திருந்தது.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தான்.

தர்ஷிகா உள்ளே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் தாடையில் முட்டியது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி விட்டிருந்தது. மடியில் ஒரு கலயம். அழவில்லை. அண்ணாந்து அவனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"மூடுங்கப்பா. வெளிச்சம் கூசுது."

"வா பாப்பா. அப்பாகிட்ட வா."

இரண்டு கைகளையும் உள்ளே விட்டான். அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க. தூக்கத்தான். கைகள் உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் போயின. குனிந்தன. மூடியை எடுத்தன.

வேண்டாம் என்று கத்தினான். வாய் திறக்கவில்லை.

அவன் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் இருந்தது. குத்தவைத்து உட்கார்ந்த நிழல். தலையைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. திருப்ப முடிந்திருந்தாலும் திருப்பியிருக்க மாட்டான். அந்தப் பக்கமிருந்து சில்லென்று காற்று வந்து கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் வெந்த கன்னத்துக்கு அது இதமாகக்கூட இருந்தது. அதுதான் கொடுமை.

"வையி," என்றது குரல். இப்போது கைப்பேசியிலிருந்து வரவில்லை.

மூடியை வைத்தான். வட்டம் வட்டத்தில் பொருந்தியது. ஒரு கை மண் உருண்டையை எடுத்து நீட்டியது. மெலிந்த, மண் நிறக் கை. நகங்கள் தேய்ந்து போயிருந்தன. அவன் வாங்கினான். விளிம்பில் வைத்து அழுத்தினான். பெருவிரலால் இழுத்துப் பூசினான். அடுத்தது. அழுத்தினான். பூசினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மண்ணில் விழுந்தது. அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூசினான். வாழ்நாளில் மண் தொட்டிராத விரல்கள், இதையே செய்து பழகிய மாதிரி ஒழுங்காக வேலை செய்தன.

சுற்று முடியும் நேரத்தில், உள்ளேயிருந்து கலயம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு தர்ஷிகா. இந்தத் தடவை தூக்கம் கலைந்து எழுந்தவளின் குரல், அவளுடைய சொந்தக் குரல்.

"அப்பா? அப்பா, இருட்டா இருக்குப்பா. மூச்சு முட்டுது. தொறங்கப்பா."

டிரம்மின் பக்கவாட்டில் தட்டினாள். சின்னக் கையால், டப், டப் என்று.

"தட்டுது பாரு," என்றது பக்கத்தில் இருந்தவளின் குரல், ஆசையாக. "பயப்படாத. தட்டுற வரைக்கும் பிள்ளை இருக்கு."

வாசலில் தங்கலட்சுமியின் செருப்புச் சத்தம் கேட்டது. "என்னங்க, சௌந்தரம் அக்கா போன் போட்டு என்னமோ சொல்றாக. பாப்பா எங்க?"

இன்பராஜ் மண் பூசிய கையைச் சேலைத்தலைப்பில் துடைக்கிற மாதிரி மடியில் துடைத்துக்கொண்டான். வாய் இப்போது திறந்தது.

"பாப்பாவா?" என்றான், தொண்டை வறண்ட குரலில். "இங்க பிள்ளையே இல்ல."

அவன் கை அடுத்த உருண்டையை எடுத்தது.